வெளிநாட்டு ஊழியத்துக்கு மொத தடவ கெளம்புறவங்களுக்கு: ராணிப்பேட்ட டீச்சர் எழுதுறது

எங்க சபையில இருந்து இந்த வருஷம் மூணு பிள்ளைங்க வெளிநாட்டு ஊழியத்துக்குக் கெளம்புறாங்க. அதுல ஒரு பொண்ணு போன ஞாயித்துக்கெழம ஆராதன முடிஞ்சதும் வந்து, "டீச்சர், நீங்க போய்ட்டு வந்தீங்களே, இன்னா எடுத்துட்டுப் போவணும், எப்டி இருக்கணும், கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்"னு கேட்டுச்சு. ஒரு பக்கம் எழுதலாம்னு உக்காந்தேன், எழுத எழுத வந்துக்கிட்டே இருந்துச்சு, சரி மொத தடவ போற எல்லாருக்கும் உதவட்டும்னு முழுசா எழுதிட்டேன்.

நான் ராணிப்பேட்டக்காரி. 31 வருஷம் ஸ்கூல் டீச்சர். ரிட்டயர் ஆனதும் மேற்கு கென்யாவுல கக்கமேகா பக்கம் கிராமத்து சபைங்கள்ல ஓய்வுநாள் பாடசால டீச்சர்களுக்கு பயிற்சி குடுக்க நாலு பேர் டீமா ஆறு வாரம் போனோம். அதனால நான் சொல்ற உதாரணம் எல்லாம் அந்த ஊர் உதாரணம். நீங்க போற ஊருக்கு ஏத்த மாதிரி மாத்திக்கங்க.

மொதல்ல இதக் கேளுங்க: யாரு கதவத் தட்டுனாங்க?

ஐடா ஸ்கடர் அம்மா கத நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும். 1870ல இதே ராணிப்பேட்டையில பொறந்தவங்க, தாத்தா காலத்துல இருந்து மிஷனெரி குடும்பம், ஆனா அவங்களுக்கு மிஷனெரி ஆகவே இஷ்டமில்ல, அமெரிக்காவுலயே இருந்துடணும்னு இருந்தாங்க. அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு திண்டிவனம் வந்த எடத்துல ஒரே ராத்திரி மூணு பேர் தனித்தனியா வந்து கதவத் தட்டி, பிரசவத்துல கஷ்டப்படுற எங்க வீட்டுப் பொண்ணக் காப்பாத்துங்கன்னு கேட்டாங்க, ஆம்பள டாக்டர் வேணாம்னுட்டாங்க, மூணு பொண்ணுங்களும் செத்துப் போனாங்க. அதுக்கப்பறம்தான் அவங்க டாக்டருக்குப் படிச்சாங்க, 1900ல வேலூர்ல ஒரே ஒரு கட்டிலோட ஆஸ்பத்திரி ஆரம்பிச்சாங்க, அதுதான் இன்னிக்கு சி.எம்.சி.

இந்தக் கதைய நாம பிரசங்கத்துல கேக்கும்போது அவங்க எடுத்த தீர்மானத்தப் பத்தியே கேக்கறோம். எனக்கு அதுல பெருசா தெரியறது அந்தத் தட்டுன சத்தம்தான். தேவ இருக்குறவங்க வந்து கேட்டாங்க, அப்பறம்தான் இவங்க போனாங்க. அதனால நீங்களும் மொதல்ல இதப் பாருங்க. உங்கள அந்த ஊர் சபை கூப்புடுதா, இல்ல நீங்களா போகணும்னு ஆசப்படுறீங்களா? ஆசப்படுறது தப்பில்ல, ஆனா ஆசைய வெச்சு டிக்கெட் போடாதீங்க. அந்த சபையோட ஆயர் கையெழுத்துப் போட்ட கடிதம் வேணும், அதுல எத்தன நாள், எங்க தங்குறீங்க, இன்னா வேல, யாரு சாப்பாடு செலவு பாக்குறாங்கன்னு தெளிவா இருக்கணும்.

இதுலயே ஒரு எச்சரிக்க. "நான் வெளிநாட்டு பாஸ்டர், உங்கள கன்வென்ஷனுக்கு அழைக்கிறேன், விசா செலவுக்கு மட்டும் முன்பணம் அனுப்புங்க"ன்னு மெயில் வரும், வாட்சப்லயும் வரும். எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் இப்படி நகைய அடகு வெச்சு அனுப்பிட்டு இன்னிக்கு வரைக்கும் வட்டி கட்டுது. உண்மையா கூப்புடுற சபை உங்ககிட்ட பணம் கேக்காது. வீடியோ கால்ல அந்த ஆயர், அவர் வீட்டம்மா, சபை மூப்பருங்க ரெண்டு மூணு பேர்கூட பேசிப் பாருங்க, உங்க ஆயர வெச்சுக்கிட்டே பேசுங்க.

பாஸ்போர்ட்டுக்கு முன்னாடி ஒரு மாசம் காந்தி ரோட்டுல

இத யாரும் சொல்லித் தர்றதில்ல. நானே போய்ட்டு வந்தப்பறம்தான் புரிஞ்சுக்கிட்டேன். வெளிநாட்டுக்குப் போய் அன்பு காட்டணும்னா மொதல்ல வேலூர்லயே அத ஒரு மாசம் பழகுங்க.

சி.எம்.சி. எதுத்தாப்புல காந்தி ரோடு, அந்த சந்துங்கள்ல இருக்குற லாட்ஜுங்க, எல்லாம் வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, பங்களாதேஷ்ல இருந்து வந்தவங்களால நெறஞ்சிருக்கும். கடைங்கள்ல வங்காளத்துல போர்டு எழுதியிருக்கும் பாத்திருப்பீங்க. மாசக்கணக்குல ரூம்லயே சமைச்சு சாப்ட்டுக்கிட்டு, பாஷ தெரியாம, வீட்டு ஆள் ஆபரேஷன்ல இருக்க வெளில ஃபைலப் புடிச்சிக்கிட்டு நிக்கிறவங்க அவங்க. சனிக்கெழமல ரெண்டு மணி நேரம் போங்க. பிரசங்கம் வேணாம், துண்டுப் பிரசுரம் வேணாம். காய்கறி வாங்கக் கூடப் போங்க, காட்பாடி ஸ்டேஷனுக்கு ஆட்டோ பேசி விடுங்க, மருந்துச் சீட்டுல இருக்குறத கையால காட்டி வெளக்குங்க. அவங்க டீ போட்டுக் குடுத்தா உக்காந்து குடிங்க. நாலு வாரத்துல உங்களுக்கே தெரியும், பாஷ இல்லாம ஒரு ஆள்கிட்ட மரியாதையா இருக்குறது எவ்ளோ கஷ்டம், எவ்ளோ நல்லா இருக்கும்னு. இது பிடிக்கலன்னா வெளிநாடு போறத தள்ளிப் போடுங்க, நான் மனசாரத்தான் சொல்றேன்.

பேப்பர் வேல

பாஸ்போர்ட் ஆன்லைன்ல அப்ளை பண்றது, சாதாரணமா 36 பக்கம் 1500 ரூபா, 10 வருஷம் செல்லும். நெறைய நாடுங்க, நீங்க போய் எறங்குற தேதியில இருந்து ஆறு மாசமாச்சும் பாஸ்போர்ட் உயிரோட இருக்கணும்னு கேக்கும், அதனால பழசா இருந்தா இப்பவே ரினியூ பண்ணிடுங்க.

நம்ம தமிழ் ஆளுங்களுக்கு வர்ற பிரச்சன பேர்லதான். நாம இனிஷியல் வெச்சுப் பழகிட்டோம். பாஸ்போர்ட்ல சர்நேம்னு ஒரு கட்டம் இருக்கும், அத நெறைய பேர் காலியா விட்டுடுவாங்க. 2022 நவம்பர்ல இருந்து யு.ஏ.இ. விசிட் விசாவுக்கு ஒத்தப் பேர் மட்டும் இருக்குற பாஸ்போர்ட்ட ஏத்துக்கறதில்லன்னு சொல்லிட்டாங்க. துபாய்ல தமிழ் சபைங்க கூப்புடுறாங்கன்னு போறவங்க இத மொதல்ல பாருங்க. அப்பா பேர முழுசா எழுதி சர்நேம்ல போட்டுட்டா இந்தத் தொல்ல இல்ல, ஆனா டிக்கெட், விசா, தடுப்பூசி கார்டு எல்லாத்துலயும் அதே எழுத்து அதே வரிசையில இருக்கணும்.

விசா விஷயத்துல பொய் சொல்லாதீங்க. சுற்றுலான்னு சொல்லிட்டு போய் ஊழியம் பண்ணலாம், எல்லாரும் அப்டித்தான் பண்றாங்கன்னு சொல்றவங்க இருக்காங்க. சத்தியத்தப் பேசப் போற நாம வாசல்லயே பொய் சொல்லிட்டு நுழையலாமா? கென்யாவுக்கு 2024 ஜனவரில இருந்து விசாவுக்கு பதிலா ஆன்லைன்ல இ.டி.ஏ.ன்னு ஒரு அனுமதி வாங்கணும். கொஞ்ச நாள் போறவங்க அதுல எதுக்குப் போறோம்னு உள்ளத உள்ளபடி எழுதுங்க. வருஷக்கணக்குல தங்கி ஊழியம் செய்றவங்களுக்கு அங்க கிளாஸ் ஐ-ன்னு தனி பெர்மிட் இருக்கு, அத உங்கள கூப்புடுற சபைதான் எடுத்துத் தரணும். நேபாளத்துக்கு நமக்கு விசாவே வேணாம், ஓட்டர் ஐடி போதும், அதனால நம்ம பிள்ளைங்க சுலபமா கெளம்பிடறாங்க. ஆனா அங்க 2015 அரசியல் சட்டத்துலயே மதம் மாத்தக் கூடாதுன்னு இருக்கு, 2018ல நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்துல அதுக்கு அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில், வெளிநாட்டுக்காரங்கன்னா நாடு கடத்துவாங்க. நீங்க ஊருக்குத் திரும்பிடுவீங்க, மாட்டிக்கிட்டு நிக்கிறது அங்க இருக்குற சின்ன சபை. அவங்க இன்னா செய்யலாம் இன்னா செய்யக் கூடாதுன்னு சொல்றாங்களோ அதுக்கு ஒரு அடி மேல போகாதீங்க.

பாஸ்போர்ட், விசா, இன்சூரன்ஸ் மூணையும் ரெண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து ஒண்ணு பெட்டியில, ஒண்ணு வீட்டுல. போற நாட்டுல இருக்குற இந்தியத் தூதரக நம்பர ஒரு காயிதத்துல கையால எழுதி வெச்சுக்கங்க, போன் தொலஞ்சா அதுதான் கை குடுக்கும்.

ஊசி, மாத்திர

ஆப்பிரிக்காவுல நெறைய நாடுங்களுக்குப் போறவங்க மஞ்சக் காய்ச்சல் தடுப்பூசி போடணும். இது மஞ்சக்காமால இல்ல, வேற, கொசுவால வர்றது. சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடுறாங்க, பாஸ்போர்ட் எடுத்துட்டுப் போகணும், மஞ்ச கலர்ல ஒரு சின்ன புத்தகம் மாதிரி கார்டு குடுப்பாங்க. ஊசி போட்டு 10 நாள் கழிச்சுத்தான் அது செல்லும், அப்பறம் ஆயுசுக்கும் செல்லும். கென்யா மாதிரி நாட்டுல இருந்து திரும்பி வரும்போது நம்ம ஏர்போர்ட்ல இந்தக் கார்டு இல்லன்னா ஆறு நாள் வரைக்கும் தனியா வெச்சுடுவாங்க. 60 வயசு தாண்டுனவங்க, முட்ட ஒத்துக்காதவங்க டாக்டர்கிட்ட கேக்காம போட்டுக்காதீங்க.

மேற்கு கென்யாவுல மலேரியா ஜாஸ்தி. தடுப்பு மாத்திர இன்னா, எப்ப ஆரம்பிக்கணும்னு போறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே டாக்டரப் பாருங்க, கொசுவலைக்குள்ள தூங்குங்க. வந்தப்பறமும் ரெண்டு மூணு மாசத்துக்குள்ள காய்ச்சல் வந்தா, வெறும் ஜுரம்னு கடையில மாத்திர வாங்கிப் போடாம, நான் இந்த நாட்டுக்குப் போய்ட்டு வந்தேன்னு டாக்டர்கிட்ட சொல்லி ரத்தம் பாருங்க.

சுகர், பிபி மாத்திரைய அட்டையோட, சீட்டோட, கையில எடுத்துட்டுப் போற பையில வெச்சுக்கங்க.

பெட்டி

கொஞ்சமா எடுங்க. கென்யாவுல 2017 ஆகஸ்ட்ல இருந்து பிளாஸ்டிக் கவருக்குத் தட, அபராதமும் ஜெயிலும் உண்டு. நாம துணிய, செருப்ப, ஊறுகா பாட்டில எல்லாத்தையும் கவர்ல சுத்தித்தான் அடுக்குவோம். அதெல்லாம் வேணாம், மஞ்சப்பை எடுத்துக்கங்க, நாலு மஞ்சப்பைல எல்லாம் அடங்கிடும். அந்த ஊர்ல நான் மார்க்கெட்டுக்கு மஞ்சப்பையோட போனதப் பாத்துட்டு நான் தங்குன வீட்டம்மாவுக்கு அது ரொம்பப் புடிச்சுப் போச்சு, வர்றப்ப நாலையும் அவங்களுக்கே குடுத்துட்டு வந்துட்டேன். அங்க பிளக் பாயிண்ட் வேற, மூணும் தட்டையா இருக்கும், அதுக்கு அடாப்டர் ஒண்ணு வாங்கிடுங்க. கக்கமேகா பக்கம் மேட்டு நெலம், காலைல குளிரும், ஒரு ஸ்வெட்டர்.

குடுக்க ஏதாச்சும் எடுத்துட்டுப் போகணும்னா நம்ம ஊர்ல செய்றதா இருக்கட்டும். நான் ராணிப்பேட்ட தோல் கடையில சின்ன பர்ஸுங்க பத்து வாங்கிட்டுப் போனேன். பிள்ளைங்களுக்கு தெருவுல நின்னு மிட்டாய் அள்ளி எறைக்கறத மட்டும் தயவு செஞ்சு பண்ணாதீங்க. குடுக்கறதா இருந்தா அம்மாங்ககிட்ட, இல்ல அந்த ஓய்வுநாள் பாடசால டீச்சர்கிட்ட குடுங்க, அவங்க கையால குடுக்கட்டும்.

போய் எறங்குன மொத வாரம்

எங்க ஆயா உயிரோட இருந்தப்ப, ராணிப்பேட்டையில இருந்த ரெண்டு வெள்ளைக்கார மிஷனெரி அம்மாங்களப் பத்தி சொல்லுவாங்க. ஆற்காடு மிஷன் 1853ல ஆரம்பிச்சதுல இருந்து நம்ம பக்கம் எத்தனையோ பேர் வந்திருக்காங்க, நல்லது பண்ணவங்கதான். ஆனா ஆயாவுக்கு ஞாபகம் இருந்தது ரெண்டே பேர். ஒருத்தங்க வீட்டுக்கு வரும்போது பிளாஸ்க்ல அவங்க தண்ணிய அவங்களே எடுத்துட்டு வருவாங்களாம், திண்ணையிலயே நின்னு ஜெபம் பண்ணிட்டுப் போயிடுவாங்களாம். இன்னொருத்தங்களப் பத்தி ஆயா சொல்றப்ப கண்ணுல தண்ணி வந்துடும். "அந்தம்மா நம்ம வூட்டுல குந்தி களி துண்ணுச்சு கண்ணு"ன்னு சொல்லுவாங்க. அம்பது வருஷம் கழிச்சு ஒரு ஆயா மனசுல நின்னது பிரசங்கம் இல்ல, களிதான். நம்ம ஊரு, மிஷனெரிங்கள ஏத்துக்கிட்ட ஊர், வாசல்ல நின்னு பாத்த ஊர், அதனால வர்றவங்க எப்டி இருந்தா நல்லா இருக்கும்னு உலகத்துல மத்தவங்களவிட நமக்கு நல்லாத் தெரியணும்.

இதெல்லாம் ஏன் சொல்றேன்னா, கென்யாவுல மொத நாள் ராத்திரி நான் தங்குன வீட்டுல சாப்பாட்டுக்கு உக்காந்தேன். அந்த வீட்டு சின்னப் பொண்ணு ஒரு கையில ஜக்கு, ஒரு கையில பேசின் எடுத்துட்டு வந்து, மண்டி போட்ட மாதிரி குனிஞ்சு, ஒவ்வொருத்தர் கையிலயும் வெதுவெதுன்னு தண்ணி ஊத்துச்சு. அப்பறம் தட்டுல வந்தது உகாலி. மக்காச்சோள மாவ கொதிக்கிற தண்ணில போட்டு துடுப்பால கிளறி எறக்குனது. கூட சுக்குமா விக்கின்னு கீர வதக்கல். நான் அப்டியே அசந்துட்டேன், இது நம்ம களியும் கீரையும்தானே, கலர்தான் வெள்ள. கையால உருட்டி, கட்ட வெரலால குழி பண்ணி, கீரையத் தொட்டு சாப்புடணும், எனக்கு யாரும் சொல்லியே தர வேண்டியிருக்கல. காலையில கேழ்வரகுக் கூழ். கேழ்வரகே கிழக்கு ஆப்பிரிக்கா மேட்டு நெலத்துல இருந்து ஆயிரக்கணக்கான வருஷம் முன்னாடி நம்ம பக்கம் வந்த தானியம்தான். நான் ஏதோ கொண்டு போறேன்னு நெனச்சுப் போன ஊர்ல இருந்துதான் எங்க ஆயா சட்டியில வெந்த களியே வந்திருக்குன்னு தெரிஞ்சப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

மூணாவது நாள் கோழி செஞ்சாங்க. அந்தப் பக்கம் லுஹ்யா ஜனங்க விருந்தாளின்னா கோழிதான். சுக்குமா விக்கின்னா வாரத்தத் தள்ளுன்னு அர்த்தமாம், கையில காசு இல்லாம வாரக் கடைசி வரைக்கும் ஓட்டுறதுக்கு அந்தக் கீரதான். அப்டி ஓட்டுற வீட்டுல முட்டையிடுற கோழிய எனக்காக அறுத்தாங்க. எங்க டீம்ல ஒரு தம்பி, "அவங்களே கஷ்டப்படுறாங்க, நாம வேணாம்னு சொல்லிடலாம்"னு காதுல சொன்னான். நல்ல மனசுலதான் சொன்னான். ஆனா வேணாம்னு சொல்லாதீங்க. இயேசு சீஷருங்க எழுபது பேர அனுப்பும்போது பையும் வேணாம் பணப்பையும் வேணாம், எந்த வீட்டுக்குப் போனாலும் மொதல்ல சமாதானம் சொல்லுங்க, உங்க முன்னாடி வெக்கிறதச் சாப்புடுங்கன்னுதான் சொல்லி அனுப்புறார். வாங்கிக்கத் தெரியாதவங்களால குடுக்க முடியாது, அந்தத் தட்டத் தள்ளி வெச்சா அவங்களத் தள்ளி வெச்ச மாதிரி. ஒத்துக்காத பதார்த்தம் இருந்தா முன்னாடியே ஆயர்கிட்ட சொல்லிடுங்க, அவர் பக்குவமா சொல்லிக்குவாரு. தண்ணி மட்டும் கொதிக்க வெச்சதான்னு அடுப்படியில கூட நின்னு பாத்துக்கங்க, பிளாஸ்க்கோட போய் நிக்காதீங்க.

வார்த்த பத்து கத்துக்கிட்டுப் போங்க, பத்து போதும். அங்க ஒருத்தர ஒருத்தர் பாத்தா லுஹ்யா பாஷையில முலெம்பேன்னு சொல்றாங்க, அப்டின்னா சமாதானம். சபையில ஸ்வாஹிலில ப்வானா அசிஃபிவே, நம்ம கர்த்தருக்கு ஸ்தோத்திரம் மாதிரி. அசாந்தேன்னா நன்றி, கரிபுன்னா வாங்க. அப்பறம் மாமா. அங்க மாமான்னா அம்மா! பிள்ள பேர சேத்து மாமா இன்னார்னு கூப்புடுவாங்க. எனக்கு நாக்குல வர ரெண்டு நாள் ஆச்சு.

எல்லாத்தையும்விட முக்கியமான வார்த்த போலே. இத நான் எப்டிக் கத்துக்கிட்டேன்னு சொல்லணும். ஒரு மூப்பர் எங்கிட்ட நாளைக்கு பக்கத்து கிராமத்துல பிள்ளைங்களுக்கு வகுப்பு, சா ன்னேன்னு சொன்னாரு. எனக்கு மோஜா, ம்பிலி, தாத்து, ன்னே தெரியும், ஒண்ணு ரெண்டு மூணு நாலு. சரி நாலு மணின்னு சாயங்காலம் மூணரைக்குப் போய் நின்னேன். ஸ்வாஹிலில மணி எண்றது சூரியன் உதிச்சதுல இருந்து. காலைல ஏழு மணிதான் அவங்களுக்கு ஒரு மணி. அப்ப சா ன்னேன்னா காலைல பத்து மணி. நம்ம பெரியவங்க உதயத்துல இருந்து நாழிகை எண்ணல? அதே கணக்குதான், நான் கேக்காம விட்டுட்டேன். காலைல வந்த பிள்ளைங்கள்ல முக்காவாசி போயிடுச்சு. ஒரு பன்னெண்டு பிள்ளைங்க மாமரத்தடில உக்காந்திருந்துச்சு, ஒரு கெழவி அதுங்களுக்கு பாட்டுச் சொல்லிக் குடுத்துக்கிட்டே அஞ்சரை மணி நேரமா வெச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. என்னப் பாத்ததும் அந்தக் கெழவி எந்திரிச்சு வந்து என் ரெண்டு கையையும் புடிச்சிக்கிட்டு, "போலே, ம்வாலிமு, போலே"ன்னாங்க. ம்வாலிமுன்னா டீச்சர். போலேன்னா, உனக்கு இப்டி ஆயிடுச்சே, பாவமே, மனசக் கஷ்டப்படுத்திக்காதன்னு அர்த்தம். தப்பு என் மேல. காக்க வெச்சது நான். அவங்க எனக்கு ஆறுதல் சொல்றாங்க. 31 வருஷம் லேட்டா வந்த பிள்ளைங்கள கிளாஸுக்கு வெளிய நிக்க வெச்சவ நான், அந்த மரத்தடியில எனக்குப் பேச்சே வரல. அன்னிக்கு அந்தப் பன்னெண்டு பிள்ளைங்களோட இருட்டுற வரைக்கும் இருந்தேன்.

அதனால நேரம் சொன்னா, காலைலயா சாயங்காலமா, சூரியன் எங்க இருக்கும்னு கையக் காட்டிக் கேட்டுக்கங்க.

ஆராதனையும் பேச்சும்

மூணு நாலு மணி நேரம் ஆகும், கடிகாரத்தப் பாக்காதீங்க. காணிக்க நேரத்துல காசு இல்லாதவங்க முட்ட, கரும்பு, வாழத்தார், உயிர்க்கோழின்னு கொண்டு வந்து வெக்கிறாங்க, ஆராதன முடிஞ்சதும் வெளிய ஏலம். நம்ம அறுப்பின் பண்டிகைல பூசணிக்காய் ஏலம் எடுக்கற மாதிரியேதான், அங்க அது சாதாரண ஞாயித்துக்கெழமலயே நடக்குது. ஒருத்தர் அஞ்சு முட்டைய ஏலத்துல எடுத்து அதக் கொண்டு வந்த கெழவிக்கே திருப்பிக் குடுத்தாரு, அந்தம்மா அத வாங்கி எங்ககிட்ட குடுத்துட்டாங்க. ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டேன்.

பேசச் சொன்னா கொஞ்சமா பேசுங்க. மொழிபெயர்க்குறவர் ஒருத்தர் இருப்பாரு, அவர முந்துன நாளே பாத்து இன்ன வசனம் இன்ன கதன்னு சொல்லி வெச்சிடுங்க, அப்பத்தான் அவர் தடுமாற மாட்டாரு. சின்னச் சின்ன வாக்கியமா முழுசா முடிச்சு நிறுத்துங்க, பாதியில நிறுத்துனா நீங்க இன்னா சொல்ல வர்றீங்கன்னு அவருக்கும் தெரியாது. பழமொழி, எதுகை மோனை எல்லாம் இங்க வெச்சுட்டுப் போங்க. "நீங்க ஏழைங்களா இருந்தாலும்"னு ஆரம்பிக்காதீங்க. மத்த மதத்தப் பத்தி, அந்த ஊர் அரசியலப் பத்தி, பக்கத்து சபையப் பத்தி வாயே தெறக்காதீங்க. சொல்றதுக்கு உங்க சொந்தக் கத இருக்கு இல்ல, கர்த்தர் உங்களுக்கு இன்னா செஞ்சாரோ அது, அதச் சொல்லுங்க.

ஜெபம் வராத நாள் வரும்

இத யாரும் சபையில சாட்சியா சொல்றதில்ல, அதனால மொத தடவ போறவங்க பயந்துடறாங்க. ரெண்டாவது வாரம் வாக்குல வரும். புதுசு போயிடும், ஒடம்பு அசதி, பேசறதுக்கு தமிழ் இல்ல, வீட்டு ஞாபகம், கூட வந்தவங்க மேலயே எரிச்சல் வரும். பைபிளத் தெறந்தா எழுத்துதான் தெரியும். எனக்கு பத்து நாள் ஜெபமே வரல. ஊழியத்துக்கு வந்துட்டு ஜெபம் வரலன்னு யார்கிட்ட சொல்றது?

அப்பத்தான் காய்ச்சலும் வந்துச்சு. கிளினிக்ல ரத்தம் எடுத்துப் பாத்துட்டு மலேரியா இல்ல, சாதாரண காய்ச்சல்தான்னு அனுப்பிட்டாங்க, ஆனா ராத்திரி நடுக்கம் தாங்கல. கரண்ட் இல்ல. அந்த வீட்டம்மா ஒரு லாந்தர எடுத்துட்டு வந்து கட்டில் பக்கத்துல வெச்சாங்க, துணிய நனைச்சு நெத்தியில போட்டாங்க, கால் ரெண்டையும் அவங்க மடில தூக்கி வெச்சுக்கிட்டாங்க. நான் வேணாம் வேணாம்னு இழுக்கறேன், விடல. அப்பறம் மெதுவா பாட ஆரம்பிச்சாங்க, வார்த்த ஒண்ணும் புரியல, ஆனா மெட்டு நம்ம பாமாலை மெட்டு. எங்க ஆயா அடுப்படியில பாடுவாங்களே அதே மெட்டு. நான் தமிழ்ல பாடுனேன், அவங்க அவங்க பாஷையில பாடுனாங்க, நாலு கவியும் பாடி முடிச்சோம். முடிஞ்சதும் அவங்க ஜெபம் பண்ணாங்க, அதுல என் பேர் மட்டும் காதுல விழுந்துச்சு. எனக்கு வராத ஜெபத்த அவங்க பண்ணாங்க, நான் ஆமென் மட்டும் சொன்னேன். மறுநாள் காலைல காய்ச்சல் விடல, ஆனா மனசுல இருந்த அந்தக் கல்லு இல்ல.

அதனால நீங்க செய்ய வேண்டியது இதுதான். தமிழ் பைபிள் கையில இருக்கட்டும், போன்ல இருக்குறது போதாது, சார்ஜ் இருக்காது. மனப்பாடமா தெரிஞ்ச ஒரு சங்கீதம், ஒரு பாட்டு வெச்சுக்கங்க, புதுசா ஜெபிக்க வரலன்னா அதையே சொல்லுங்க. வாரத்துல ஒரு அரை நாள் எந்த வேலையும் ஒத்துக்காம தூங்குங்க. டீம்ல ஒருத்தர்கிட்ட தெறந்து சொல்லுங்க. வீட்டுக்குப் பேசும்போது கென்யா நம்மளவிட ரெண்டரை மணி நேரம் பின்னாடி, உங்களுக்கு ராத்திரி எட்டரைன்னா இங்க பதினொண்ணு. முக்கியமா, உங்கள வெச்சிருக்குற வீட்டாள்கிட்ட எனக்காக ஜெபிங்கன்னு கேளுங்க. மிஷனெரி கேக்கலாமான்னு கூச்சப்படாதீங்க.

பணமும் போட்டோவும்

அங்க கடைக்காரர்ல இருந்து காய் விக்கிற அம்மா வரைக்கும் எம்பெசாங்கற போன் பணச் சேவைல போன்லயே பணம் வாங்குறாங்க, பாஸ்போர்ட்டக் காட்டி சிம் வாங்குனா நீங்களும் வெச்சுக்கலாம். தனித்தனியா ஆளுங்க வந்து பீஸ் கட்டணும் மருந்து வாங்கணும்னு கேப்பாங்க, மனசு கரையும். நீங்களா குடுத்துடாதீங்க, ஆயர், மூப்பருங்ககிட்ட சொல்லி சபை மூலமா குடுங்க. அதே மாதிரி அங்க வர்ற மத்த நாட்டு ஆளுங்ககிட்ட எங்க ஊர் சபைக்கு உதவி பண்ணுங்கன்னு சொல்லி உங்க சொந்தக் கணக்குல பணம் வாங்கவே வாங்காதீங்க, எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்துல பதிவு பண்ணாம வெளிநாட்டு நன்கொட வாங்குனா நீங்களும் மாட்டுவீங்க, சபையும் மாட்டும்.

போட்டோ எடுக்கறதுன்னா கேட்டுட்டு எடுங்க. அழுக்குச் சட்ட போட்ட பிள்ளையத் தூக்கி வெச்சு எடுத்து ஸ்டேட்டஸ் போடாதீங்க. நம்ம குடிசைய, நம்ம மூக்கொழுகுன பிள்ளைங்கள இப்டி எடுத்து வெளிநாட்டுல காட்டுன படங்கள நாம பாத்திருக்கோம், அப்ப நமக்கு எப்டி இருந்துச்சு?

திரும்பி வந்தப்பறம்

சபையில சாட்சி சொல்லச் சொல்லுவாங்க. நாங்க இத்தன வகுப்பு எடுத்தோம், இத்தன பேர் வந்தாங்கன்னு சொல்றதோட, அவங்க எங்களுக்கு இன்னா செஞ்சாங்கன்னு பேர் சொல்லிச் சொல்லுங்க. வந்த ஒரு வாரத்துக்குள்ள தங்குன வீட்டுக்கு நன்றி அனுப்புங்க, தள்ளிப் போட்டா அப்டியே போயிடும். திரும்ப வர்றேன், பணம் அனுப்பறேன், உங்க பொண்ணப் படிக்க வெக்கிறேன்னு அழுதுக்கிட்டே வாக்குக் குடுத்துட்டு வராதீங்க, அவங்க காத்துக்கிட்டு இருப்பாங்க. முடிஞ்ச ஒண்ணே ஒண்ண சொல்லுங்க, அதச் செய்யுங்க.

நான் சொன்னது, ஞாயித்துக்கெழம தோறும் பேசறேன்னு. இன்னி வரைக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிட்டுத்தான் இருக்கேன், அவங்களுக்கு அப்ப மூணரை. நான் முலெம்பேன்னு ஆரம்பிப்பேன். பின்னாடி கோழி கத்துற சத்தத்தோட பதில் வரும், அந்தம்மா ஒவ்வொரு எழுத்தா இழுத்து "வ-ண-க்-கம் ம்வாலிமு"ன்னு சொல்லிட்டு, இந்த வாரம் யார் யாருக்கு ஒடம்பு சரியில்ல, யாருக்காக ஜெபிக்கணும்னு ஒரு பட்டியல் சொல்லுவாங்க, அத நான் எழுதி ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டி வெச்சுக்குவேன்.